மாட்டுக்கு வலி ஊசியா? மருந்தின் பெயரைக் கேளுங்கள்

கறவை மாட்டுக்கு மடி வீங்கினாலும், உழவு மாடு கால் தாங்கி நடந்தாலும், கன்று ஈன்ற பசு காய்ச்சலில் தீவனம் எடுக்காமல் படுத்தாலும், மாடு வைத்திருப்பவர் முதலில் நாடுவது ஒரு ஊசியைத்தான். வலியும் வீக்கமும் தணிந்து, மாடு எழுந்து அசை போட்டால் போதும் என்று அவர் எண்ணுகிறார். இதில் குறை காண ஒன்றுமில்லை. வாயில்லாப் பிராணியின் வலியைப் போக்குவது நல்ல பராமரிப்பின் ஒரு பகுதியே ஆகும். ஆனால் போடப்பட்ட மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்து கொள்வோர் மிகச் சிலரே. பெயர் தெரியாமல் போட்ட ஒரு மருந்தினால் நம் நாட்டில் என்னென்ன நேர்ந்தன என்பதைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிகள் கடந்த 20 ஆண்டுகளில் படிப்படியாக வெளிக்கொண்டு வந்துள்ளன. அவை ஆங்கில ஏடுகளில் அச்சாகி அங்கேயே நின்றுவிடுகின்றன. தொழுவத்துக்கு வந்து சேரவேண்டிய செய்தி இது.

முதலில் அழிந்தவை பிணந்தின்னிக் கழுகுகள். பாறு என்பது இவற்றுக்குப் பழந்தமிழ்ப் பெயர். 1980-களில் இந்தியாவில் இவை கோடிக்கணக்கில் இருந்தன என்று மதிப்பிடுகின்றனர். ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால் வானத்திலிருந்து கூட்டமாக இறங்கி, ஒரு மணி நேரத்துக்குள் எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். திருக்கழுக்குன்றத்து மலையில் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு சென்றதை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவை மஞ்சள் முகப் பாறு எனப்படும் சிறிய இனம். 1990-களின் கடைசியிலிருந்து அங்கே அவை வருவதில்லை. வட இந்தியாவில் மிகுதியாக இருந்த வெண்முதுகுப் பாறு என்ற பெரிய இனத்தில், 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவே மிஞ்சியது. உலகில் வேறெந்தப் பறவையும் இவ்வளவு வேகமாகக் குறைந்ததாகக் கேள்விப்படுவது அரிது.

காரணம் பல காலம் புரியவில்லை. பூச்சிமருந்து என்றனர் சிலர். ஏதோ கிருமி என்றனர் வேறு சிலர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை நோயியல் விஞ்ஞானி லிண்ட்சே ஓக்ஸ், பாகிஸ்தான் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, அந்நாட்டுப் பஞ்சாப் பகுதியில் செத்து விழுந்த பறவைகளை அறுத்துப் பார்த்தார். பெரும்பாலானவற்றின் ஈரல், இருதயம் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் வெண்மையான படிவு இருந்தது. சிறுநீரகம் பழுதடைந்து, வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உடம்புக்குள்ளேயே படிந்துவிட்டதன் அடையாளம் அது. பூச்சிமருந்து, கன உலோகம், வைரஸ் என ஒவ்வொன்றாகச் சோதித்தும் விடை கிடைக்கவில்லை. பிறகுதான் அவர்கள் வேறு வழியில் யோசித்தனர். பாறு தின்பது செத்த கால்நடைகளை. அப்படியானால் அந்தக் கால்நடைகளுக்குப் புதிதாக என்ன கொடுக்கிறார்கள்? மருந்துக் கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதும், அண்மையில் சந்தைக்கு வந்ததுமான ஒரே மருந்து டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளிலும் அம்மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றிலும் இல்லை. 2004-ல் இந்த முடிவு வெளியாயிற்று. ஒரு நோயின் மூலத்தைத் தேட ஆய்வுக்கூடத்தை விட்டுக் கடைத்தெருவுக்குப் போன விஞ்ஞானிகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

டைக்ளோபினாக் மனிதர்கள் மூட்டுவலிக்குச் சாப்பிடும் பழைய மருந்துதான். காப்புரிமைக் காலம் முடிந்து, 1990-களின் தொடக்கத்தில் விலை சரிந்ததும் கால்நடைகளுக்கும் பரவியது. மாட்டின் வலிக்கு அது நன்றாகவே வேலை செய்தது, மலிவாகவும் கிடைத்தது. மாட்டின் உடலில் அது சில நாட்களில் கழிந்துவிடும். ஆனால் ஊசி போட்ட இரண்டு மூன்று நாட்களுக்குள் மாடு செத்துவிட்டால், ஈரலிலும் இறைச்சியிலும் மருந்து தங்கிவிடுகிறது. தின்ற பாறு சில நாட்களில் செத்துவிடும். ஒரு செத்த மாட்டின்மேல் நூறு பறவைகள்கூட இறங்கும் என்பதால், ஆயிரம் மாடுகளில் ஏழெட்டில் மருந்து இருந்தாலே அந்த இனம் அழிய அது போதும் என்று கணக்கிட்டனர். பிற்பாடு இந்தியாவில் செத்த கால்நடைகளைச் சோதித்தபோது பத்தில் ஒன்றில் மருந்து இருந்தது. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஐந்து ஆண்டுகள் ஆகும். இழந்ததை ஈடு செய்ய அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

ஒரு பறவை போனால் போகட்டும் என்று கேட்கிற விவசாயியும் உண்டு. அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. அதற்குப் பதில் சொல்வதுதான் ஆராய்ச்சியின் கடமை.

பாறுவின் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள, மற்றப் பிராணிகளைக் கொல்லும் கிருமிகளையும் பெருமளவு அது அழித்துவிடும். பாறு இல்லாத இடத்தில் அந்த இறைச்சியைத் தின்ன வருபவை நாய்களும் எலிகளும். அவை எலும்பு வரை சுத்தம் செய்வதில்லை. மிச்சம் கிடந்து அழுகி, மழை பெய்தால் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போகிறது. நாய்களோ தின்று பெருகுகின்றன, பெருகியபின் கடிக்கின்றன. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்துப் பொருளாதார அறிஞர்கள் 2008-ல் இதைக் கணக்கிட்டனர். 1992-லிருந்து 2006 வரை இந்தியாவில் பாறு குறைந்ததன் காரணமாக மட்டும் சுமார் 55 லட்சம் நாய்கள் கூடுதலாயின. 3 கோடியே 85 லட்சம் பேர் கூடுதலாகக் கடிபட்டனர். 47,000-க்கும் அதிகமானோர் வெறிநாய்க்கடி நோயால் இறந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவு.

2024-ல் வெளிவந்த மற்றொரு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயால் பிராங்க், வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனந்த் சுதர்சன் இருவரும் இந்திய மாவட்டங்களை இரு பிரிவாகப் பிரித்தனர்: பாறு வாழ ஏற்ற மாவட்டங்கள், ஏற்காத மாவட்டங்கள். டைக்ளோபினாக் பரவுவதற்கு முன் இரு பிரிவிலும் மனித இறப்பு விகிதம் ஏறத்தாழ ஒரே போக்கில் இருந்தது. பரவிய பிறகு, பாறு மிகுதியாக இருந்த மாவட்டங்களில் மட்டும் இறப்பு 4 சதத்துக்கு மேல் உயர்ந்தது. 2000 முதல் 2005 வரை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இதனால் கூடுதலாக மாண்டனர் என்கிறது ஆய்வு. கால்நடைகள் நிறைந்த நகர்ப்புறங்களில் பாதிப்பு அதிகம்; ஏனெனில் செத்த மாடுகளைக் கொட்டும் இடங்கள் நகரங்களை ஒட்டியே இருந்தன. தண்ணீரில் மலக்கிருமிகள் கூடியதும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனை உயர்ந்ததும் இதோடு பொருந்துகின்றன.

இது புள்ளிவிவர ஒப்பீடு. இறந்தவர் ஒவ்வொருவரின் காரணத்தையும் எழுதி வைத்துக் கூட்டிய கணக்கு அல்ல. ஒரு லட்சம் என்ற எண்ணைப் பற்றி வாதிட இடமுண்டு. ஆனால் மருந்து, பறவை, நாய், தண்ணீர், மனிதன் என்று வரிசையாக ஒன்றையொன்று தொடும் தொடர்பைப் பற்றி இனி வாதிட இடமில்லை. தமிழ்நாட்டில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் 2024, 2025 ஆண்டுகளில் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதையும் எல்லோரும் அறிவர். அதற்கும் பாறு இல்லாததே காரணம் என்று சொன்னால் அது மிகை. கோழிக்கடை, இறைச்சிக்கடைக் கழிவுகளைக் கண்ட இடத்தில் கொட்டுவதற்கு அதில் பெரும் பங்குண்டு. இருந்தாலும் வழிந்து கிடக்கும் இறைச்சி நாயை வளர்க்கும் என்ற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அரசு என்ன செய்தது? 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. உடனே மனிதர்களுக்கான 30 மில்லி பெரிய குப்பிகள் தொழுவத்துக்கு வந்தன. அதைத் தடுக்க, 2015-ல் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேற்படாத ஒருமுறைக் குப்பியில்தான் விற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. இதற்கிடையே அசிக்ளோபினாக் என்ற இன்னொரு மருந்து புழக்கத்துக்கு வந்துவிட்டது. மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. பெயர் மாறியதே தவிர, சரக்கு மாறவில்லை. கீட்டோபுரோபெனும் பாறுவைக் கொல்லும் என்று நிரூபணமாகிப் பல ஆண்டுகள் கழித்து, 2023-ல்தான் இந்தியாவில் அவ்விரண்டுக்கும் தடை வந்தது. நம்மைவிடச் சிறிய வங்கதேசம் கீட்டோபுரோபெனை 2021-லேயே தடுத்துவிட்டது. நிமசுலைடுக்குத் தடை 2024 டிசம்பர் கடைசியில் வந்தது. புளுநிக்சின் மீதும் புகார்கள் உள்ளன.

இந்த வரிசையைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. மருந்தை முதலில் விற்க விட்டு, பறவை செத்த பின் சோதித்து, அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத் தடை போடுவது தலைகீழான முறை. வலிநிவாரணி எதுவாயினும், கால்நடைக்கு விற்க உரிமம் கொடுப்பதற்கு முன்பே பாறுவுக்குப் பாதுகாப்பானதா என்று சோதித்தாக வேண்டும். அந்தச் செலவைத் தயாரிப்பாளர்கள் ஏற்க வேண்டும். மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட பாறு பாதுகாப்புச் செயல்திட்டத்திலும் இக்கருத்து இடம் பெற்றுள்ளது. ஏட்டில் இருப்பது நடைமுறைக்கு வந்திருந்தால், ஒவ்வொரு மருந்தையும் துரத்திக் கொண்டு ஓட வேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்காது. ஒரு ஏழை விவசாயி கடையில் கொடுத்த மருந்தை நம்பி வாங்கினார் என்பதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமல்ல.

மாற்று மருந்து இல்லாமலில்லை. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மெலாக்சிகம் என்ற மருந்தைப் பாறுகளுக்கே கொடுத்துப் பார்த்து, அது கேடு விளைவிப்பதில்லை என்று 2006-லேயே காட்டினர். அண்மை ஆண்டுகளில் டோல்பினமிக் அமிலமும் பாதுகாப்பானது எனத் தெரிய வந்துள்ளது. மெலாக்சிகம் ஆரம்பத்தில் விலை கூடுதலாக இருந்தது உண்மை. பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியபின் அந்தக் குறை வெகுவாக நீங்கிவிட்டது. மடிவீக்கம், காய்ச்சல், கால் வலி ஆகியவற்றுக்கு இது நல்ல பலன் தருகிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதையும், எத்தனை நாள் பாலைக் கறந்து ஒதுக்க வேண்டும் என்பதையும் கால்நடை மருத்துவரிடமே கேட்டுக் கொள்ள வேண்டும். மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கித் தாமே போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். குப்பியின் மேல் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், மருந்தின் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு அந்தப் பொடி எழுத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும், காலிக் குப்பியையும் மாடு குணமாகும் வரை வைத்திருக்கலாம். மாடு செத்துவிட்டால் என்ன மருந்து உள்ளே போயிற்று என்று சொல்ல அவை உதவும்.

எந்த ஊசி போட்டிருந்தாலும், சிகிச்சையின்போது செத்த மாட்டைத் திறந்த வெளியில் போடாமல், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி ஆறடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே சரி. நோய் தெரியாமல் திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். தோலை உரிக்காமலும், வயிற்றைக் கிழிக்காமலும் மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நாய் கடித்தவர்கள் புண்ணைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் வைத்தியம் இல்லை.

நீலகிரி, ஈரோடு மாவட்டங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய விவசாயிகளுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு கூட்டமாகக் கூடு கட்டி வாழும் முக்கிய இடம் அதுதான். ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு வைக்கின்றன. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கில், 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும், அதே ஆண்டு டிசம்பரில் 320-ம் தென்பட்டன. அங்கே புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் செத்த மாட்டின் மேல் பூச்சிமருந்தைத் தெளித்து வைப்பதுண்டு. அதைத் தின்ன முதலில் இறங்குவது பாறு. அடித்த புலி திரும்பி வராமலும் போகலாம். மாட்டை அப்படியே விட்டு, உடனே வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் கொடுத்து, சான்றிதழ் பெற்று, இழப்பீட்டுக்கு மனு கொடுக்க வேண்டும். அந்தத் தொகை கைக்கு வருவதில் தாமதம் என்பது அங்குள்ளோரின் நியாயமான குறை; அதை விரைவுபடுத்துவது வனத்துறையின் பொறுப்பு.