ஒரு பிராக்கெட்டின் எடை



ஆகாய விமானத்துக்கும் நம்ம லேபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது!

பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகம் 'சாரஸ்' என்ற 14 இருக்கை விமானத்தை உருவாக்கியது. இரண்டு டர்போபிராப் எஞ்சின்கள். புரொப்பல்லர்கள் பின்னாலிருந்து தள்ளும். 1991-ல் ரஷ்யர்களோடு தொடங்கிய திட்டம். பணமில்லாமல் அவர்கள் விலகினார்கள். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் வந்த தடைகள் வேறு! ஆனாலும் 2004 மே 29 அன்று முதல் விமானம் பறந்தது.

ஆனால் திட்டமிட்டதைவிட எடை மிகவும் அதிகம்.  எடை ஒரே நாளில் ஏறுவதில்லை. இங்கே ஒரு பிராக்கெட், அங்கே கொஞ்சம் தடித்த தகடு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று விடும்போதுதான் ஏறுகிறது.

2009 மார்ச் 6 அன்று, பறக்கும்போதே ஓர் எஞ்சினை நிறுத்தி மறுபடி இயக்கும் சோதனை. இரண்டாவது விமானம் பிடதி அருகே விழுந்தது. விமானப்படை அதிகாரிகள் மூவர் இறந்தனர். மறுபடி இயக்குவதற்கு வகுத்த செய்முறையே தவறு, போதிய உயரமும் இல்லை என்றது விசாரணை.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. போன செமஸ்டரில் மோர்ஸ் டெஸ்ட் ரெக்கார்டை சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். ஒரு சிலிண்டரை நிறுத்தியபின், லோடைக் குறைத்துப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்துதான் ரீடிங் எடுக்கணும். அந்த வரி அவர் நோட்டில் இல்லை. என் நோட்டிலும் இல்லை. கையெழுத்து மட்டும் கிடைத்தது!

"கான்பூரில் டோர்னியர் செய்றாங்களே, இது எதுக்கு?" என்கிறான் என் அறை நண்பன். அது ஜெர்மானியர் வடிவமைப்பு. அடுத்தவன் டிராயிங்கைப் பார்த்துச் செய்தால் கை பழகும். ஏன் அப்படி என்பது புரியாது. தப்பு செய்து, திருத்தி, நாமே வடிவமைத்தால்தான் புரியும். அதனால்தான் 2018 ஜனவரி 24 அன்று, திருத்தப்பட்ட சாரஸ் மறுபடி பறந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நாளைக்கு நம்மில் எவனோ ஒருவன் எழுதும் செய்முறைத் தாளை நம்பி ஒருவர் எஞ்சினை நிறுத்தப்போகிறார். அவர் பத்திரமாகத் திரும்பி வரணும். ரெக்கார்டை இன்றைக்கே ஒழுங்கா எழுதுவோமே!