புரையோடிய எலும்பும் பொய்த்துப்போன வாக்குறுதியும்

சாரம் சரிகிறது. மூன்றாம் மாடியிலே கரணை பிடித்து நின்ற கொத்தனார், மண்ணிலே வீழ்கிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளியே எட்டிப் பார்க்கிறது. "உயிர் பிழைத்ததே பெரிது! எல்லாம் தலைவிதி!" என்கிறார் ஒப்பந்தக்காரர். முதற் காட்சி இது. இதற்குக் கண்ணீர் வடிப்போர், அடுத்த காட்சியைக் காணாமலே கலைந்துவிடுகின்றனர்.

அடுத்த காட்சி என்ன? மண்ணோடு நுழைந்த கிருமி எலும்புக்குள்ளே குடியேறுகிறது. சீழ் சேர்கிறது, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது, எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகிறது. இரத்தம் செல்லாத இடத்துக்கு மருந்தும் செல்லாது! ஆகவே, செத்த எலும்பை அறுத்தகற்ற வேண்டும். வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும். ஆறிவிட்டதென்று எண்ணிய புண், ஆண்டுகள் பல கழிந்தும் மீண்டும் வாய் திறப்பதுண்டு. மருத்துவர்கள் ஆஸ்டியோமைலிட்டிஸ் என்றழைக்கும் கொடுநோய் இதுதான்.

மருந்தின் விலையைக் கடைக்காரர் கூறிவிடுவார். இழந்த கூலியின் கணக்கை எவர் எழுதுவார்? மனைவியின் தோடு அடகுக்கடைக்குப் போவதையும், மகன் பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போவதையும் எந்தப் பேரேட்டில் பதிவார்?

விதியாம், விதி! பிரிட்டனிலே எலும்பு, மூட்டுத் தொற்றுற்ற 1,054 பேரை ஆராய்ந்தனர். முதல் ஆறு வாரங்களில் ஊசிவழி மருந்து தந்த பலனுக்கு, வாய்வழி மருந்து தந்த பலன் குறைந்ததல்ல என்று 2019இல் வெளியிட்டனர். மருத்துவமனைக் கட்டிலிலே கிடக்கும் நாளைக் குறைத்தது விதியா, அறிவா? அறிவு வழி காட்டிவிட்டது. ஆட்சியன்றோ வழி மறித்து நிற்கிறது!

சட்டம் அறியாத நோயா இது? அன்று! 1948இல் சட்டமாகிய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் நெடுநாள் நோய்ப் பட்டியலிலே, திறந்த எலும்பு முறிவோடு கூடிய நாட்பட்ட எலும்புத் தொற்று இடம்பெற்றிருக்கிறது. தகுதி பெற்றோருக்கு ஊதியத்தில் 80 விழுக்காட்டை ஈராண்டு வரை வழங்கவும் வழியிருக்கிறது. ஆனால் யாருக்கு? காப்பீடு பெற்ற தொழிலாளருக்கு! சித்தாளும் சுமைதூக்கியும் நாட்கூலியும் பெரும்பாலும் அந்த வாசலுக்கு வெளியே நிற்கின்றனர். ஆலைக்குள் முறிந்தால்தான் எலும்பா? சாரத்திலிருந்து விழுந்து முறிந்தால் சுள்ளியா?

"கருவூலம் தாங்குமா?" என்று கேட்கின்றனர் கணக்குப் புலிகள். இன்று தாங்குவது யார்? 2021-22இல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு, மக்கள் தம் மடியிலிருந்து அவிழ்த்த பணம்! இது டில்லி வெளியிட்ட கணக்கு. 2025க்குள் நாட்டு வருமானத்தில் 2.5 விழுக்காட்டை நலவாழ்வுக்குச் செலவிடுவோமென 2017இல் உறுதி கூறியதும் அதே டில்லிதான். 2021-22இல் எட்டியதோ 1.84! கருவூலம் தாங்காத சுமையைக் கொத்தனாரின் கோவணத்து முடிச்சு தாங்குமோ?

தோழர்களே! நாம் கேட்பது பிச்சையன்று. ஆலைத் தொழிலாளிக்குள்ள நோய்க்கால ஊதியம் அமைப்புசாராத் தொழிலாளிக்கும் வேண்டும். தொற்று முற்றுமுன் அறுவை செய்ய ஒவ்வொரு மாவட்டத்திலும் வசதி வேண்டும். தெருமுனைக் கூட்டந்தோறும் இதை முழங்குங்கள்! மாளிகை எழுப்பியவன் மண்ணிலே ஊர்ந்து செல்வதைக் கண்டபின்னும் நிமிர்ந்து நடக்க, நமக்கு மட்டும் எலும்பு எதற்கு?