கோலமாவு கோகிலா: லாஜிக் எங்க இருக்கு?

நெல்சனோட முதல் படம், 2018. நைட் டூட்டி முடிஞ்சு வந்து நேத்து மறுபடி பார்த்தேன். சிரிச்சுட்டே இருந்தவன் நடுவுல நிறுத்திட்டேன்.

அம்மா சரண்யா பொன்வண்ணனுக்கு நுரையீரல் புற்றுநோய். (சிகரெட்டே தொடாதவங்களுக்கு எப்படின்னு கேட்காதீங்க, வரும்.) கையில பணமில்ல. வாயைத் திறந்தா சத்தமே வராத கோகிலா, கொக்கைன் கடத்தப் போறா. 'லாஜிக் இல்ல'ன்னு சொல்றவங்க உண்டு. கடத்தல்ல இல்லாம இருக்கலாம், வீட்டுக்குள்ள நூத்துக்கு நூறு இருக்கு.

ஓபி-யில பார்க்கிறேனே! "இவளுக்கு ஒண்ணும் தெரியாது சார், அண்ணன் வரட்டும்"பாங்க. மூணாவது கீமோவுக்கு அண்ணனைக் காணோம். அதே பொண்ணு ஃபைலைத் தேதிவாரியா அடுக்கி எடுத்துட்டு வந்து, "போன தடவை வெள்ளை அணு குறைஞ்சுது, இன்னிக்கு பிளட் ரிப்போர்ட் பார்த்துட்டுத்தானே போடுவீங்க?"ன்னு என்னையே மடக்குவா. அப்பவும் தலை குனிஞ்சுதான் நிப்பா. குரல் உசராது.

நயன்தாரா அதைத்தான் பிடிச்சிருக்காங்க. கோகிலாவுக்குத் தைரியம் வந்ததும் நடை மாறல, ஸ்லோமோஷன் இல்ல. அந்த அப்பாவி மூஞ்சியை வச்சே எல்லாரையும் சாய்க்கிறா. 'ஒண்ணுக்கும் உதவாதவ'ன்னு வீட்டுல யாரையாவது சொல்றவங்க இதை ஒருதடவை பார்க்கணும்.

ஒரே குறை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அப்பவே இருந்துச்சு, புற்றுநோய் சிகிச்சையும் அதுல உண்டு. செலவு முழுக்க அடங்காதுதான். ஆனா ரேஷன் கார்டோட போய் விசாரிக்கச் சொல்ல அந்த வீட்டுக்கு ஒரு ஆள் இல்ல பாருங்க.