பள்ளியை மூடியவர்களின் விருந்து

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து வடகிழக்கே சுமார் 70 கிலோ மீட்டரில் தனுண்டா. பரோஸா பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் ஒன்று. திராட்சைத் தோட்டம், தேவாலயக் கோபுரம், ஜெர்மன் ரொட்டிக் கடை என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். ஒயின் ருசி பார்க்க வரும் உல்லாசப் பயணிகள் சொக்கிப் போகிறார்கள்.

சொக்கட்டும். ஆனால் அந்தத் தோட்டங்களைப் போட்டவர்களுக்கு நேர்ந்தது ஒயின் கோப்பையில் தெரியாது.

அவர்கள் பிரஷ்யாவிலிருந்து வந்த லூத்தரன் கிறிஸ்தவர்கள். மன்னர் திணித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துக் கப்பலேறியவர்களின் முதல் கூட்டம் 1838-ல் ஆஸ்திரேலியாவில் கரை இறங்கியது. 1842-ல் பரோஸாவில் பெத்தனி கிராமம் எழுந்தது. 1847-ல் யோஹான் கிராம்ப் ஜேக்கப்ஸ் கிரீக் ஓடைக்கரையில் திராட்சை நட்டார். (பரோஸா என்ற பெயரே ஸ்பெயினில் 1811-ல் நடந்த ஒரு சண்டையின் நினைவாக வைக்கப்பட்டு, எழுத்துப் பிழையோடு பதிவாகி நிலைத்துவிட்டது. பேனா பிடிப்பவர்கள் கவனிக்க!)

முதல் உலக யுத்தம் வந்தது. முக்கால் நூற்றாண்டு அந்த மண்ணில் உழுதவர்கள் திடீரென்று சந்தேகத்துக்கு உரியவர்களானார்கள். 1917-ல் 49 லூத்தரன் பள்ளிகளை மாநில அரசு மூடியது. 69 ஜெர்மன் பெயர்களை மாற்றச் சட்டம் போட்டது. கைசர்ஸ்டூல் மலைக்கு பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் பெயர் வந்தது. க்னாடென்ஃப்ரை என்ற ஊர், பழங்குடியினர் சொல்லால் மரனங்கா ஆயிற்று. நிலத்தைப் பறிகொடுத்த அந்தப் பழங்குடியினரையாவது யாராவது கேட்டார்களா?

யுத்த காலம், வேறு வழியில்லை என்பார்கள். ஏற்கத்தக்க சமாதானம் அல்ல. ஜெர்மனியில் இருந்த கைசருக்கும் பரோஸாவில் அகர முதல் எழுத்துப் படித்த பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? பள்ளிதான் மூடப்பட்டதே தவிர, அவர்கள் பயிரிட்ட பழத்தை யாரும் வேண்டாமென்று தள்ளவில்லை.

கைசர்ஸ்டூல் என்ற பெயர் 1975-ல் திரும்பியது. பெயரைத் திருப்பித் தர ஓர் உத்தரவு போதும். மொழிக்கு அது போதாது. பரோஸா ஜெர்மன் பேச்சு இன்று விரல் விட்டு எண்ணக்கூடிய முதியவர்களிடம் நிற்கிறது. ஆனால் ஜெர்மன் சாஸேஜும் வாத்திய கோஷ்டியும் பயணிகளை இழுக்கும் சரக்காகிவிட்டன. வந்தவன் சமையல் இனிக்கிறது, வந்தவன் பேச்சு கசக்கிறது என்பது என்ன நியாயம்?

ஊர்ப் பலகை இன்றும் மரனங்கா என்றுதான் சொல்கிறது. அங்குள்ள லூத்தரன் தேவாலயம் மட்டும் க்னாடென்ஃப்ரை என்ற பெயரை விடவில்லை. ஒயின் கடைக்குப் போகிறவர்கள் அந்த வாசலிலும் ஐந்து நிமிஷம் நிற்கலாம்.