பொறுமை என்பது மௌனமல்ல

பாடசாலைக்குப் போகும் நாட்களில் என் ராத்தாவின் பர்தாவுக்கு நான்தான் குண்டூசி குத்திவிடுவேன். காலையில் அவளது விரல்கள் மடங்காது. சோம்பல் என்றார்கள். ஒருநாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் பார்த்த வைத்தியர் இரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் கன்னச் சிவப்புக்குச் சவர்க்கார ஒவ்வாமை என்று பூச்சு மருந்து எழுதினார். மூன்றாமவர், உயர்தரப் பரீட்சைப் பயம் என்றார். “கலியாணம் முடிச்சா எல்லாம் சரியாகும்” என்றார் மாமி. “ஸபர் செய் மகள்” என்றார் உம்மா. இப்படியே இரண்டு வருடங்கள் போயின.

கடைசியில் வாப்பா ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தார். எந்தத் திகதியில் எந்த மூட்டு வலித்தது, எவ்வளவு நேரம் விறைத்திருந்தது, வாய்ப்புண், முடி உதிர்வு எல்லாவற்றையும் ராத்தா எழுதினாள். அதை முழுதாக வாசித்த வைத்தியர்தான் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து, ‘லூபஸ்’ என்றார். அதற்குள் நோய் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது.

உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி உடலையே தாக்குவதுதான் லூபஸ். இந்நோயாளிகளில் ஏறத்தாழ 10 பேரில் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 44 வயதுக்குள்ளேயே இது தொடங்குகிறது. இதை ஒரே பரிசோதனையால் உறுதிப்படுத்த முடியாது. ஏ.என்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை சுகதேகிகள் சிலருக்கும் நேர்விடை காட்டும். வெளிநோயாளர் பிரிவின் நீண்ட வரிசையில் ஒருவருக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். ஆகவே தாமதம் முழுவதையும் வைத்தியர்கள் மீது சுமத்த நான் விரும்பவில்லை.

ஆனால் ஒன்றை என்னால் ஏற்க முடியாது. பரீட்சைப் பயமும் உடலை வருத்தும் என்பது உண்மைதான். எனினும் அது சோதித்துப் பார்த்த பின் சொல்லவேண்டிய முடிவு. சோதிக்கும் முன்னரே ஒரு பெண்பிள்ளையின் வலிக்குப் ‘பயம்’ என்று பெயரிடுவது நியாயமா? வீட்டிலுள்ள நாமும் அதையே செய்தோம்.

நோய்க்கு மருந்து தேடும்படி கற்பிப்பது எமது மார்க்கம். வலியை மறைப்பது ஸபர் ஆகாது. மருந்தெடுத்து, அது பலன் தரும்வரை காத்திருக்கிறாளே ராத்தா, அதுதான் ஸபர்.

சகோதரிகளே, வலித்தால் சொல்லுங்கள். நம்பாவிட்டால் எழுதிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் தங்கை சொன்னால், முதலில் நம்புங்கள்.