தென்னை விழுந்த கணக்கு

எங்கள் ஊருக்கு ஆனைகட்டி என்று பெயர். 2018 நவம்பரில் சோழநாட்டைச் சூறையாடிய புயலுக்கும் யானையின் பெயர்தான்: கஜா. இலங்கை சூட்டிய பெயர் அது. பெயர்ப் பொருத்தம் பார்த்துப் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. 16-ஆம் நாள் விடியுமுன் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய அப்புயல், தஞ்சையையும் திருவாரூரையும் புதுக்கோட்டையையும் மிதித்துவிட்டு, மலை தாண்டி, கேரளத்தின் வழியே அரபிக்கடலில் இறங்கிற்று.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, ஒரு ரயிலே பயணிகளோடு அலையில் மறைந்தது. கஜா வருமுன்னரோ, 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். வானிலை விஞ்ஞானத்துக்கு நம் வணக்கம் உரியதே! ஆனால், நண்பர்களே, உயிர் தப்பிய உழவன் மறுநாள் காலையில் கண்டது என்ன? தோப்பு இருந்தது, நிற்கும் மரம் இல்லை.

மாமரத்தின் கிளை முறிந்தால் வேறு கிளை துளிர்க்கும். தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது முறிந்தால் மரம் முடிந்தது. ஆணிவேரும் இல்லை, சல்லிவேர்க் கட்டோடு சாய்ந்துவிடும். அவ்வாறு சாய்ந்தவை பல லட்சம். அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. மறுநடவுக்குத் தனி உதவியும் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. எனினும், 2019 மழையில் நட்ட நெட்டைக் கன்று 2025-க்கு முன் காய்த்திருந்தால் அது தோப்புக்காரரின் பாக்கியம். இடைப்பட்ட ஆண்டுகளில் குடும்பம் எதை உண்பது? 600 ரூபாய் மரத்தின் விலையாகலாம். காய்ப்பின் விலை ஆகுமா?

மின்சாரத்தின் கதையும் இதுவே. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன. கேரள மின்வாரியத் தொழிலாளரும் மலை கடந்து சென்று கம்பம் நட்டனர். அவர்கள் உழைப்பில் குறையில்லை. ஆயினும் பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

2005 ஜனவரியில் தென் சுவீடனிலும் இப்படியொரு குளிர்காலப் புயல் வீசிற்று. குட்ரூன் என்பது அதன் பெயர். அவ்வாண்டு மண் உறையாமல் ஈரமாக இருந்தமையால், ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தன. அந்நாட்டார் புலம்பலோடு நின்றார்களில்லை, சட்டம் செய்தார்கள். 2006 முதல், 12 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் தடைப்பட்டால் கம்பெனி இழப்பீடு தர வேண்டும். பிறகென்ன? கம்பிகள் வேகமாக மண்ணுக்குள் புகுந்தன.

'செல்வ நாட்டோடு நம்மை ஒப்பிடலாமா?' என்பீர்கள். நான் கேட்பது செல்வத்தை அன்று, தவணையை. மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020-இல் இங்கும் வந்தன. தடைக்கான காலத்தைக் குறிப்பது மாநில ஆணையங்களின் கையில். புயல் நாளுக்கென்றும் ஒரு காலம் குறிக்கட்டும். 12 மணி வேண்டாம், 12 நாள் ஆகட்டும். தென்னைக்கோ, ஒரே நாளில் எண்ணிக் கொடுக்கும் காசுக்குப் பதிலாக, புதுக்கன்று பாளை விடும்வரை ஆண்டுதோறும் ஒரு தொகை வரட்டும்.