சுட்ட கதிரும் சுதேசியமும்

மாலை வேளையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி உலாவப் போகிறவர்கள், மக்காச்சோளக் கதிரைத் தணலில் வாட்டும் வாசனையைத் தாண்டிச் செல்வது சுலபமன்று. குழந்தைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள். பெரியவர்களோ, "வீட்டில் பலகாரம் இல்லையா?" என்று அதட்டிக்கொண்டே பையைத் துழாவுவார்கள்.

ஆயினும் இந்தக் கதிரின் மீது நம்மவருக்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. அது அந்நிய தேசத்துத் தானியம் என்பது ஒன்று. கோழித் தீவனம் என்பது மற்றொன்று.

முதல் ஆட்சேபம் மெய்தான். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், மெக்ஸிகோ தேசத்து உழவர்கள் ஒரு காட்டுப் புல்லைப் பழக்கி உண்டாக்கிய தானியம் இது. மக்கா நகரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, அதன் பிறப்பு அங்கே இல்லை. ஆனால் கதிரின் மேல் தடவுகிறோமே, மிளகாய், அதுவும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான். அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகை நம்பியிருந்தார்கள். இன்று மிளகாயை அந்நியப் பண்டம் என்று மதுரையில் எந்த அடுக்களையாவது விலக்குமா? எலுமிச்சையோ ஆசியாவில் தோன்றி மேற்கே போயிற்று. இப்பொழுது மெக்ஸிகோக்காரரும் கதிரில் எலுமிச்சைச் சாறும் மிளகாய்ப் பொடியும் சேர்த்தே உண்கிறார்கள். ஆக, கொடுக்கலும் வாங்கலும் நேராகிவிட்டன.

இனிப் பக்குவத்துக்கு வருவோம். அது அடுப்பில் அல்ல, வயலிலேயே தொடங்கிவிடுகிறது. குஞ்சம் வெளிவந்து சுமார் 20 நாளில் கதிர் பால் பிடித்திருக்கும். மணியை நகத்தால் அழுத்தினால் வெண்பால் தெறிக்க வேண்டும். தெளிந்த நீர் வந்தால் பிஞ்சு. மாவாக இருந்தால் முற்றல். கதிரை ஒடித்தது முதல் மணியிலுள்ள சர்க்கரை குறைந்துகொண்டே போகும். வெயிலில் கிடந்தால் இன்னும் வேகமாகக் குறையும். ஆகையால் வாங்கிய அன்றே சமைத்துவிடுவது உத்தமம். முடியாவிட்டால், மடலை உரிக்காமல் குளிர்ப் பெட்டியில் வைக்கலாம்.

சுடுவதற்குச் சற்றே முற்றத் தொடங்கிய நாட்டுக் கதிர் ஏற்றது. கொழுந்து விட்டெரியும் தீ ஆகாது. சாம்பல் பூத்த தணல் வேண்டும். திருப்பித் திருப்பி வாட்டி, மணிகளில் ஆங்காங்கே கருப்புப் பொட்டு விழுந்ததும் எடுத்துவிட வேண்டும். எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்ப் பொடியிலும் தோய்த்து, சூடு ஆறுமுன் அழுத்தித் தேய்த்தால் சாறு மணிகளின் இடுக்கெல்லாம் இறங்கும். காரம் ஆகாதவர்கள் மிளகுப் பொடியைக் கொள்ளலாம். இளங்கதிரானால் மடலை விரித்துக் குஞ்சத்தை நீக்கி, மறுபடி மூடித் தண்ணீர் தெளித்துத் தணலில் புதைக்கலாம். தன் ஆவியிலேயே வெந்துவிடும்.

வேக வைப்பதானால் உள்மடல் ஒன்றிரண்டை விட்டுவைத்து, ஒரு சிட்டிகை மஞ்சள் தூளோடு கொதிநீரில் இடவேண்டும். இனிப்புச் சோளத்துக்கு ஐந்தாறு நிமிஷம் போதும். நாட்டுக் கதிருக்கு நேரம் அதிகம். இறக்கியபின் நெய் தடவி உப்புத் தூவலாம். கூர்ஜரத்தார் கதிரைத் துண்டுகளாக நறுக்கி நிலக்கடலை அரைத்த குழம்பில் இடுகிறார்கள். நாம் அதனோடு தேங்காயும் சேர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் சோற்றுக்கும் பொருந்தும். பல் போன பாட்டிமாருக்கு மணிகளை உதிர்த்து, இஞ்சி, சீரகத்தோடு அரைத்து அடையாக வார்த்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபந்தான் யோசிக்க வேண்டியது. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் விளைகிறது. தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனமாகவே போகிறது. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் குடியானவர்தான் தாங்குகிறார். 2018-இல் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட படைப்புழு இந்தியாவுக்குள் வந்து, அதே ஆண்டில் தமிழ்நாட்டு வயல்களிலும் புகுந்து குருத்தைத் தின்றது. அந்த நஷ்டமும் அவருடையதே. நாமோ உரித்து உறையிலிட்ட மணியைக் கடையில் வாங்கிக்கொண்டு, பக்கத்து ஊர் விளைச்சலைத் தீவனம் என்று சொல்லி முகம் சுளிக்கிறோம்.

காந்தியடிகள் 1916-இல் சென்னையில் சுதேசியத்தைப் பற்றிப் பேசியபோது, தூரத்தில் இருப்பதை விட்டு நம்மை அடுத்திருப்பதைப் பயன்படுத்துவதும் அடுத்திருப்போருக்குத் தொண்டு செய்வதுமே அதன் உட்பொருள் என்று விளக்கினார். அந்த அளவுகோலால் பார்த்தால், விதை எந்தக் கண்டத்தில் பிறந்தது என்பது பெரிதல்ல. எவர் வியர்வையில் விளைந்தது, எவர் வீட்டுப் பிள்ளை தின்றது என்பதே பெரிது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மானாவாரிக் கதிர் பால் பிடிக்கும் கார்த்திகை, மார்கழியில் அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள், தெரிந்த குடியானவரிடம் இருபது கதிர் கேட்டு, அவர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி வாருங்கள். அன்று மாலையே தணலை மூட்டுங்கள். எலுமிச்சையை மட்டும் மறந்துவிட வேண்டாம்.